வாழ்த்து மட்டும் அனுப்பிடாதீங்க

தென்கிழக்கு ஆசிய நாடுகளோட கூட்டமைப்பான ஆசியானோட மதிப்பிற்குரிய வெளியுறவு அமைச்சர்களுக்கும், குறிப்பா நம்ம மலேசிய வெளியுறவு அமைச்சு விஸ்மா புத்ரா பெரியவங்களுக்கும் வணக்கம்.

மியன்மார் கதைய உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. 2020 ஓட்டுல மோசடின்னு சொல்லி ஆட்சியப் புடிச்ச அதே ராணுவம், ஜெயிச்ச கட்சிய 2023-ல கலைச்சுட்டு, 330 டவுன்ஷிப்ல (நம்ம வட்டம் மாதிரி) 260 சொச்சத்துல மட்டும் மூணு தவணையா ஓட்டு நடத்தி, 2026 ஜனவரியோட தன் ஆளுங்களே ஜெயிச்சிட்டாங்கன்னு கணக்கக் காட்டிருச்சு. ஆசியான் பேருல பார்வையாளர் அனுப்ப மாட்டோம்னு சொன்னீங்க, அதுக்கு நெஜமாவே நன்றி. ஆனா இப்ப மெதுவா, நடந்தது நடந்துபோச்சு, இனிமே பேசிப் பழகிக்கலாம்னு ஒரு பேச்சு கெளம்புது பாருங்க, அதான் வயித்தக் கலக்குது. நான் கேக்கறது ஒண்ணுதான், அந்த முடிவுக்கு வாழ்த்து அனுப்பாதீங்க.

ஏன் கேக்கறேன்னா, கோலாலம்பூர் செந்தூல்ல எங்க சாப்பாட்டுக் கடையில ரொட்டி சானாய் போடறவன் ஒரு பர்மா தமிழ்ப் பையன், ஊரு மவ்லமைன். 2024-ல கட்டாய ராணுவச் சேவைன்னு அறிவிச்சதும் அம்மாவையும் தம்பியையும் விட்டுட்டு இங்க வந்தவன். ஓட்டு முடிஞ்ச அன்னிக்கு அவங்கம்மா போன் பண்ணியிருக்கு. லைன்ல யாரு ஒட்டுக் கேக்கறாங்களோன்னு பயம், அதனால "கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்துட்டேன், மொய் வெச்சாச்சு"ன்னு மட்டும் சொல்லுச்சாம். போகலன்னா சின்னவன் பேரு ஆர்மி லிஸ்ட்ல ஏறிடுமோன்னுதான் போயிருக்கு. சரி போனோம், யாருக்கும் போடாம வந்துறலாம்னு பாத்தா அதுக்கும் வழியில்ல, இந்தத் தடவ மெஷினு, ஏதாவது ஒரு பட்டன அமுக்கித்தான் ஆகணும், செல்லாத ஓட்டு போடற உரிமை கூட கெடையாது. "எதை அமுக்குனன்னு நான் கேக்கல அண்ணே, போன்ல எப்படிக் கேக்கறது"ன்னான். பேசிக்கிட்டே கல்லுல இருந்த ரொட்டியத் திருப்ப மறந்துட்டான், கஸ்டமர் வேற கத்துறாரு.

அந்தம்மா பயந்து வெச்ச மொய்யும் சேத்துதான் இத்தன சதவீதம் பேரு ஓட்டு போட்டாங்கன்னு அவங்க பெருமையா சொல்றாங்க. தேர்தலக் குறை சொன்னாலே குறைஞ்சது மூணு வருஷம் ஜெயில், மரண தண்டனை வரைக்கும் போகலாம்னு 2025-ல சட்டமே போட்டாங்களே, அப்படிப்பட்ட ஊருல எவன் வாயத் தொறப்பான்? தொறக்க முடிஞ்சவங்க நீங்கதான்.

கோவிச்சுக்காதீங்க, ஆனா 2021 ஏப்ரல்ல ஜகார்த்தாவுல ஆட்சியப் புடிச்ச ஜெனரல் மின் ஆங் லைங்கையே உக்கார வெச்சு அஞ்சு அம்சம்னு முடிவு பண்ணீங்க, வன்முறைய உடனே நிறுத்தணும்ங்கறதுதான் முதல் அம்சம். அதுக்கப்புறம் அங்க வானத்துலேர்ந்து குண்டு விழுந்துக்கிட்டே இருக்கு, இங்க உங்க அறிக்கையில ஆழ்ந்த கவலை வந்துக்கிட்டே இருக்கு. டைப் அடிக்கறவருக்கு வேலை மிச்சம், தேதிய மட்டும் மாத்துனா போதும். 2018-ல கம்போடியாவுல எதிர்க்கட்சியக் கலைச்சுட்டு 125 சீட்டுல 125-ஐயும் ஆளுங்கட்சியே எடுத்துச்சு, அப்பவும் நீங்க குடும்ப விஷயம்ங்கற மாதிரி மூஞ்சத் திருப்பிக்கிட்டீங்க.

நம்ம மலேசியாக்காரங்களுக்காவது இது புரியணும். 2013-ல அழியாத மைன்னு வெரல்ல தடவுனது கழுவுனதும் போச்சு, பாதிக்கு மேல ஓட்டு எதிர்க்கட்சிக்கு விழுந்தும் 222-ல 133 சீட்டு ஆளுங்கூட்டணி பாரிசானுக்குப் போச்சு, கெலானா ஜெயா ஸ்டேடியத்துல கறுப்புச் சட்டை போட்டு ஆயிரக்கணக்குல ஜனம் நிக்குது, அந்த வாரமே வெள்ளை மாளிகையிலேர்ந்து அப்பப் பிரதமரா இருந்த நஜிப்புக்கு வாழ்த்து வந்துருச்சு, முறைகேட்டுப் புகாரப் பத்தி பேருக்கு ஒரு வரியோட. எவ்வளவு எரிஞ்சுச்சு அப்ப! அந்த ஸ்டேடியத்துல மேடை ஏறிப் பேசுனவருதான் இன்னிக்கு நம்ம பிரதமர் அன்வார், அவருகிட்டயே கேட்டுப் பாருங்க.

இந்தப் பையன் மாதிரி வந்தவங்களுக்கு இங்க என்ன மரியாதை, அகதி ஒப்பந்தத்துல நாம ஏன் இன்னும் கையெழுத்து போடலன்னு கேக்க ஆரம்பிச்சா மடல் நீண்டுரும், அது தனியா எழுதறேன்.

2026-க்கு ஆசியான் தலைமை பிலிப்பைன்ஸ்கிட்ட இருக்கு, எனக்குத் தெரியும், பத்துப் பதினோரு நாடு ஒத்துப்போறது லேசுல்ல. அதனால தயவு செஞ்சு கேக்கறேன், அடுத்த கூட்டத்து அறிக்கையில இந்தத் தேர்தல நாங்க ஏத்துக்கலன்னு தெளிவா ஒரு வரி போடுங்க. அந்த ஒரு வரிக்கும் சம்மதம் கெடைக்கலன்னா, வாழ்த்தாவது அனுப்பாம இருங்க. பதில் எழுதறதா இருந்தா ரொம்ப சந்தோஷம், ஆழ்ந்த கவலைன்னு மட்டும் எழுதிடாதீங்க.

இப்படிக்கு,
செந்தூல்ல சாப்பாட்டுக் கடை நடத்தற ஒரு வாக்காளர்