தொழில் இல்லை, வேலை இருக்கிறது

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பென்ஷன்காரனுக்குப் பதில் எழுதவும் நேரமில்லையோ என்று நீ ஏசுவது இங்கே கேட்கிறது. பென்ஷன் எடுத்த பிறகுதான் வீட்டில் எனக்கு அலுவல் கூடிப்போயிற்று.

முந்தநாள் டச்சுக்குடாப் பக்கம் நடக்கப் போனேன். வாடை தொடங்கிவிட்டது, வள்ளங்கள் எல்லாம் கரையில். நம்மோடு ஐந்தாம் வகுப்புவரை படித்தானே, சம்மாட்டியாரின் இளைய மகன், அவன் வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியால் கண் கண்ணாகப் பொத்திக்கொண்டிருந்தான்.

"வேலையெல்லாம் எப்படி?" என்றேன்.

"வேலைக்கு என்ன குறை, விடிஞ்சதிலிருந்து வேலைதான். தொழில்தான் இல்லை."

கடலுக்குப் போனால்தான் அவனுக்குத் தொழில். கரையில் முதுகு முறியச் செய்தாலும் அது வெறும் வேலை. பழைய செய்யுளில் கடலுக்கே வேலை என்று பெயர் உண்டு. அதைச் சொல்லியிருந்தால் ஊசியால் குத்தியிருப்பான்.

"உனக்கென்ன, நீ உத்தியோகம் பார்த்தனி" என்றான். செய்தனி இல்லை, பார்த்தனி! சரி, கோப்புகளைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். பணிந்தால் கீழே, பணித்தால் மேலே, அதுதான் கந்தோர் உத்தியோகம். நடுவில் இருப்பது ஒரு 'த்'. பணிப்பாளரின் சம்பளத்தைப் பார்த்தால் அது பெரிய 'த்'.

அப்புறம், போன ஆடியில் வந்து நின்றபோது உன் சென்னை மருமகள், "எங்களுக்காக எவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்க" என்றாளே, என் மனைவியின் முகம் கறுத்ததைக் கண்டாயோ? நமக்கு மினக்கெடுவது நேரத்தை வீணாக்குவது. அவளுக்கோ அக்கறையாய்ப் பாடுபடுவது. இரண்டுக்கும் மூலம் வினைக்கெடுதான். கையிலுள்ள வேலையைக் கெடுத்துக்கொண்டு இன்னொன்றில் இறங்குவது. கெட்டதை நாம் எண்ணுகிறோம், இறங்கியதை அவர்கள் எண்ணுகிறார்கள். அந்தப் பிள்ளை சொன்னதுதான் அழகு என்று இப்போது படுகிறது. மனைவிக்கு விளக்கியும் விட்டேன். "அப்ப அன்றைக்கு இடியப்பம் அவிச்சது வீணில்லை" என்றாள்.

மீன் வாங்கிவரச் சொல்லி இரண்டாம் முறையும் கூப்பிடுகிறாள். கடலில் தொழில் இல்லாத நாளில் கந்தளாய்க் குளத்து மீன்தான் கிடைக்கும். அதற்கும் முந்தவேண்டும்.

உன்
பழைய வாங்குக் கூட்டாளி