ஊதச் சொல்லுங்கள், கால் மணி நேரம் பொறுத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களை ராத்திரியில் நிறுத்தி ஊதச் சொல்வதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, இன்னும் அதிகமாகச் செய்தாலும் சந்தோஷம்தான். ஆனால் போன மாதம் எனக்கு நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் குடிக்கிற ஆள் இல்லை. சைனஸ் தொல்லைக்கு ஹோமியோபதி சொட்டு மருந்து சாப்பிடுகிறேன், அது சாராயத்தில் கரைத்தது என்று பாட்டிலைத் திறந்தாலே மூக்குக்குத் தெரியும். நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது வாயில் விட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன், இரண்டு தெரு தாண்டியதும் செக்கிங். போலீஸ் நீட்டிய மெஷினில் ஊதினேன், 58 என்று காட்டியது! 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமுக்கு மேல் போனாலே கேஸ். நான் மருந்து என்கிறேன், போலீஸ்காரர் "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்கிறார். அவர் சொல்வதும் பொய் இல்லையே, பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

விஷயம் என்னவென்றால், அந்த மெஷின் ரத்தத்தைப் பார்ப்பதில்லை. நுரையீரலிலிருந்து வரும் மூச்சில் உள்ள ஆல்கஹாலை அளந்து, ரத்தத்தில் அதைப்போல 2,100 மடங்கு இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. அப்படியிருக்க வாயில் ஒட்டியிருக்கும் ஒரு துளி மருந்தோ, வாய் கொப்பளிக்கும் திரவமோ போதும், கணக்கு எங்கேயோ போய்விடும். ஆனால் வாயில் இருப்பது கால் மணி நேரத்தில் போய்விடும், வயிற்றுக்குள் போன சரக்கு அவ்வளவு சீக்கிரம் போகாது. அதனால் பொறுத்திருந்து இரண்டாவது முறை ஊத வைத்தால் உண்மை தானாகத் தெரிந்துவிடும்.

என் விஷயத்தில் வயதான ஒரு ஏட்டையா, "சரி, அந்தத் திண்ணையில் உட்காருங்க" என்று தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். இருபது நிமிஷம் கழித்து வேறு குழாய் மாட்டி ஊதினேன். சைபர். "போங்க சார்", அவ்வளவுதான். அவர் அன்றைக்கு லீவில் இருந்திருந்தால்? மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். 2019-க்கு முன்னால் அபராதம் 2,000 வரைதான். தொகை ஐந்து மடங்கு ஏறியிருக்கிறது, ஊத வைக்கும் முறையும் அதற்கேற்றபடி ஒழுங்காக வேண்டாமா?

கைதானவருக்கு ஸ்டேஷனில் மறுபடி ஊத வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று 203-வது பிரிவு சொல்கிறது. ரத்தப் பரிசோதனைக்கு 204 இருக்கிறது. ரோட்டில் நிற்கிறவனுக்கு இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்? நானும் வீட்டுக்கு வந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு பக்கம் 2024 மே மாதம் புனேயில் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் இன்ஜினியர்கள் செத்தார்கள். ஓட்டிய பையனின் ரத்த மாதிரியை ஆஸ்பத்திரியிலேயே மாற்றிவிட்டார்கள் என்று போலீஸே சொல்லி டாக்டர்களைக் கைது செய்தது. வசதி இருக்கிற இடத்தில் ரத்தமே மாறிப்போகிறது, பைக்கில் போகிறவனுக்கு ஒரே ஊதலில் தீர்ப்பு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொருவருக்கும் புதுக் குழாய், கால் மணி நேரம் விட்டு இரண்டாவது முறை, இரண்டு அளவும் அச்சான ரசீது, மெஷினைக் கடைசியாகச் சரிபார்த்த தேதி அதன் மேலேயே. அப்புறம், ராத்திரி பத்து மணிக்கு டாஸ்மாக் பார் வாசலில் வரிசையாக நிற்கும் பைக்குகள் எல்லாருக்கும் தெரிந்ததுதானே, செக்கிங்கை அங்கேயும் கொஞ்சம் போடலாம்.

அந்தச் சொட்டு மருந்தை இப்போது ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் சாப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்