விருப்பப் பட்டியலைப் பிள்ளையே நிரப்பட்டும்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவ மாணவியரின் பெற்றோர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிவு வெளியான நாளிலிருந்து என் அறைக்கு வரும் பெற்றோர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "சார், எந்தக் காலேஜில் போடலாம்?" என்பதாகவே இருக்கிறது. பிள்ளைக்கு எதில் நாட்டம் என்ற பேச்சு, கட்டணமும் விடுதியும் பேருந்து வசதியும் விசாரித்து முடித்து, புறப்படுவதற்காக எழுந்து நிற்கும்போதுதான் வருகிறது. பல நேரங்களில் வருவதே இல்லை. படிப்பை முதலில் முடிவு செய்துவிட்டு அதன் பிறகு கல்லூரியைத் தேடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் உயிரியல் பிரிவில் படித்த ஒரு மாணவன், செய்முறைப் பதிவேட்டில் வரைந்த தவளையையும் செம்பருத்திப் பூவையும் அடுத்தடுத்த ஆண்டு மாணவர்களுக்கு ஆசிரியை எடுத்துக் காட்டுவார். அவ்வளவு நேர்த்தியான கை அவனுக்கு. பக்கத்து வீட்டுப் பையன் கணினிப் பொறியியல் படித்து வேலைக்குப் போனதைப் பார்த்த அவன் தந்தை அவனையும் அதிலேயே சேர்த்தார். ஏழு தாள்கள் அரியர் விழுந்த நிலையில், இரண்டாம் ஆண்டின் நடுவில் அவன் படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்பினான். கும்பகோணத்திலேயே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது என்பதை எங்களில் ஒருவர்கூட அவனிடம் சொல்லியிருக்கவில்லை. தந்தையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தத் தவறில் பள்ளிக்கும், குறிப்பாக எனக்கும், பங்கு உண்டு.

மதிப்பெண் பட்டியல் பிள்ளையின் நாட்டத்தை முழுமையாகக் காட்டாது. மனப்பாடம் செய்தே வேதியியலில் தொண்ணூறு வாங்கியவர்களும் இருக்கிறார்கள். இயற்பியலில் அறுபதே வாங்கினாலும், வீட்டு மின்விசிறியைக் கழற்றிப் பார்க்காமல் உறங்காதவர்களும் இருக்கிறார்கள். யாரும் சொல்லாமலே எந்தப் பாடத்தின் வீட்டுப்பாடத்தை முதலில் எடுத்து உட்கார்ந்தாள், விடுமுறை நாளில் எதைச் செய்யும்போது நேரம் போனதே தெரியாமல் இருந்தாள் என்பதைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் நீங்கள்தான். அதனுடன் பாட ஆசிரியர்களின் கருத்தையும் கேட்டுச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும்.

பொறியியலை நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதல் ஆண்டில் கணிதம் உண்டு. கணிதத்தைக் கண்டாலே ஒதுங்கும் பிள்ளை, பிரிவின் பெயரில் செயற்கை நுண்ணறிவு என்று இருப்பதாலேயே அதிலிருந்து தப்பிவிட முடியாது. உள்ளபடி அங்கே கணிதம் கூடுதலாகவே தேவைப்படும். அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் இணையத்திலேயே கிடைக்கிறது. விண்ணப்பிக்கும் முன் அதைத் திறந்து, முதல் நான்கு பருவங்களின் பாடத் தலைப்புகளையாவது பிள்ளையுடன் சேர்ந்து படித்துப் பாருங்கள்.

பொறியியலும் மருத்துவமும் தவிர வேறில்லை என்ற எண்ணம் நம் பகுதியில் இன்னும் போகவில்லை. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று தலைஞாயிற்றிலேயே இருக்கிறது. திருவாரூரில் 2009இல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதில் சேர மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும் என்பதால், இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வணிகவியல் பிரிவினர் கணக்காயர் (சி.ஏ.) படிப்பின் அடித்தளத் தேர்வுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு தயாராகலாம். கைத்திறன் உள்ளவர்களுக்குப் பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் எவ்வகையிலும் தாழ்ந்தவை அல்ல. பட்டயம் முடித்தவர்கள் பின்னர் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி இருக்கிறது.

அடுத்து, என்னை ஆண்டுதோறும் வருத்தும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. கணிதம் நூற்றுக்கும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்குமாகக் கணக்கிட்டு, 200க்கு வரும் கட்-ஆஃப் மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசை தயாராகிறது. அதன் பின் மாணவர் தாம் விரும்பும் கல்லூரியையும் பிரிவையும் வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, மாணவரின் முறை வரும்போது காலியாக உள்ள முதல் இடத்தைக் கணினி ஒதுக்குகிறது. ஆகவே, "போன வருஷம் இந்த மார்க்குக்குக் கிடைக்கவில்லை" என்று உண்மையான விருப்பத்தைப் பட்டியலிலிருந்து நீக்குவதால் எந்த நன்மையும் இல்லை. கிடைக்காத இடத்தை மேலே எழுதியதற்காகக் கீழே உள்ள இடம் பறிபோவதில்லை; ஆனால் வேண்டாத இடத்தை மேலே எழுதிவிட்டால் அதுவே கைக்கு வந்து சேரும். இவ்வளவு முக்கியமான பட்டியலை, கடவுச்சொல்லையும் சேர்த்துக் கொடுத்து, பிரவுசிங் சென்டரில் உள்ள தம்பியிடம் நிரப்பச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். அவர் வேகமாகத் தட்டச்சு செய்வார் என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

முடிவு வந்த வாரத்திலேயே ஊருக்குள் முகவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள் என்று அறிகிறேன். முன்பணமாகச் சிறு தொகையும் அசல் சான்றிதழ்களும் கொடுத்தால் இடம் உறுதி என்பார்கள். தயவுசெய்து அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். கல்லூரிகளே அவற்றைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும், தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது 2018ஆம் ஆண்டிலேயே பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட அறிவிப்பு. இந்த முகவர்கள் பெரும்பாலும் பேசுவது, கலந்தாய்வு இல்லாமல் கல்லூரி நிர்வாகமே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களைப் பற்றி. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு; அதன்கீழ் கலந்தாய்வின் வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முகவர் பேச்சைக் கேட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த பிறகு இந்தச் சலுகையைக் கேட்டு வருபவர்களுக்கு என்னால் எதுவும் செய்ய இயலுவதில்லை. முதல் பட்டதாரி சலுகையும் அப்படியே. மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் பட்டப்படிப்புக்கு மட்டுமல்லாமல் பட்டயப் படிப்புக்கும் ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும்.

கல்லூரியைப் பற்றி விசாரிக்கும்போது நாக் (தேசிய மதிப்பீட்டு, அங்கீகார அவை) தரும் தரச் சான்று கல்லூரி முழுவதற்குமானது, என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் குறிப்பிட்ட ஒரு பிரிவுக்கானது என்ற வேறுபாட்டை நினைவில் வையுங்கள். வாயிலில் பெரிய எழுத்தில் இருக்கும் சான்று, உங்கள் பிள்ளை சேரப்போகும் பிரிவுக்கு உரியதாக இல்லாமல் இருக்கலாம். விளம்பரத் தாளைப் படிப்பதைவிட, அதே பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவரிடம் ஆய்வகம் வாரத்தில் எத்தனை நாள் திறந்திருக்கிறது, பாடத்துக்குரிய ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வருவது பயனுள்ளது.

வரும் திங்கட்கிழமை முதல் விண்ணப்பக் காலம் முடியும் வரை, காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை நம் பள்ளியின் கணினி அறை திறந்திருக்கும். கணினி அறிவியல் ஆசிரியரும் முதுகலை ஆசிரியர் ஒருவரும் அங்கே இருப்பார்கள். கட்டணம் ஏதுமில்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் இதுவரை விண்ணப்பிக்காதவர்கள் உடனே விண்ணப்பித்துவிடுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றதற்கான சான்றைப் பள்ளி அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். இடையில் வேறு அரசுப் பள்ளியில் படித்திருந்தால் அங்கும் சென்று வாங்கிவர வேண்டியிருக்கும். சான்றிதழ்களை மட்டும் பையில் எடுத்துக்கொண்டு பெற்றோர் தனியாக வருவதைத் தவிர்த்து, பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள். விசைப்பலகையின் முன் அவரே உட்கார வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்
அரசு மேல்நிலைப் பள்ளி