இருபத்தைந்து மீற்றருக்குள்

மாங்குளம்,
தை 20.

அன்பின் மச்சான்,

இங்கே எல்லாரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் பொங்கலுக்கு முன்பே கிடைத்துவிட்டது. பதில் பிந்தியதற்கு நெல்லைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். மார்கழி மழை இம்முறை அளவோடு பெய்ததால் கதிர் நன்றாக முற்றுகிறது. ஆகவே பன்றிகளுக்கும் நல்ல காலம். ஒரு கிழமையாக இரவில் காவல் கொட்டிலில்தான் படுக்கை. தட்டுவதற்குத் தகரமும் தடியும் பக்கத்தில் கிடக்கின்றன. நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். சின்ன மகளுக்குக் கிளிநொச்சிக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது. என் முழங்கால் மட்டும் கொட்டில் ஏணியில் ஏறும்போது முணுமுணுக்கிறது.

நீ அனுப்பிய படத்தை வீட்டுக்காரிக்குக் காட்டினேன். "இத்தனை வருடம் கடை நடத்திய அண்ணைக்கு இந்த வயதில் ஏன் இந்த வேலை?" என்று சிரித்தாள். எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை. துவக்கைப் படத்தில் பார்த்தால்கூட வயிறு ஒரு தரம் இறுகுகிறது. இங்கேயே இருந்தவர்களுக்கு அது அப்படித்தான். பிறகு கடிதத்தை ஆறுதலாக வாசித்தேன். இங்கிலாந்தின் கென்ட்டில் உனக்குத் தெரிந்த கமக்காரர், அவருடைய கோதுமையைத் தின்னும் முயல்கள், அவற்றைக் குறைத்துத் தரச் சொல்லி அவர் தந்த அனுமதி, நீ வாங்கிய காற்றுத் துவக்கு. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய்: "12 அடி-இறாத்தல் விளையாட்டுச் சாமான் என்கிறார் கமக்காரர். அனுமதிப்பத்திரம் எடுத்து 30 வாங்கட்டுமா?"

முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவனிடம் இப்படிக் கேட்டால் அவன் நித்திரை கொள்வானா?

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நீயும் அந்தக் கமக்காரரும் துவக்கின் "வலு" என்கிறீர்கள். அடி-இறாத்தல் வலுவின் அலகு அல்ல, சக்தியின் அலகு. பத்தாம் வகுப்பில் நீ கடைசி வாங்கில் இருந்து யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த நாளில் படிப்பித்தது. 12 அடி-இறாத்தல் என்பது 16 ஜூலுக்குக் கொஞ்சம் மேலே. ஒன்றரைக் கிலோ வரும் உரிக்காத தேங்காய் ஒன்று இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்தால் நிலத்தில் மோதும் சக்தி ஏறக்குறைய அவ்வளவுதான். உங்கள் நாட்டில் 1969இல் வந்த விதி அந்த இடத்தில் கோடு போட்டது. அதற்கு மேல் போனால் அந்தத் துவக்குக்கும் மற்றச் சுடுகலன்களைப் போலப் பத்திரம் வேண்டும். ஸ்கொட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து கோட்டுக்குக் கீழே இருப்பதற்கும் உரிமம் வேண்டும். அந்தப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகும்போது துவக்கைக் காரில் போட்டுக்கொண்டு போகாதே.

தேங்காய் கணக்கைப் பார்த்து நீயும் விளையாட்டுச் சாமான் என்று நினைப்பாய். ஆனால் உன் 5.5 மில்லிமீற்றர் சன்னம் அந்தச் சக்தி முழுவதையும் ஒரு மிளகளவு இடத்தில் இறக்குகிறது. முயலின் மண்டையோடு மெல்லியது. சரியான இடத்தில் பட்டால், அந்த 16 ஜூலில் பாதியோடு போய்ச் சேர்ந்தாலும் போதும், அது உடனே முடிந்துவிடும். பிழையான இடத்தில் பட்டால் 30 இருந்தும் பயனில்லை. வயிற்றில் பட்ட முயல் 30இலும் ஓடும்.

சரியான இடம் எது என்பது உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். பக்கவாட்டில் நிற்கும்போது கண்ணுக்கும் காதின் அடிக்கும் நடுவே, மூளை இருக்கும் இடம். அகலம் இரண்டரை, மூன்று சென்ரிமீற்றர். அதற்கு மேல் இல்லை. காற்றுத் துவக்குக்காரன் நெஞ்சைப் பற்றி நினைக்கவே கூடாது. பெரிய துவக்கின் குண்டு நெஞ்சில் செய்யும் அழிவை இந்தச் சிறு ஈயத் துண்டு செய்யாது.

இப்போது நான் கொட்டிலில் இருந்து போட்ட கணக்கைக் கேள். உன் சன்னத்தின் நிறை 16 கிரெயின், அதாவது ஒரு கிராமுக்கு மிகச் சற்றுக் கூட. அது 16 ஜூலோடு கிளம்ப வேண்டுமென்றால் வேகம் செக்கனுக்கு 177 மீற்றர் அளவில் இருக்க வேண்டும். 4.5 மில்லிமீற்றர் சன்னம் நிறையில் ஏறக்குறைய பாதி. அதே சக்திக்கு அது 240ஐத் தாண்டிப் போகும். போகும் நேரம் குறைவதால் அது விழுவதும் குறைவு. உன்னுடையது தடிப்பானது, மெதுவானது, வழியில் வளைந்து விழுவது. நீ தொலைநோக்கியை 30 மீற்றருக்குச் சரிசெய்து வைத்திருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். 40 மீற்றரில் நிற்கும் முயலை 30 என்று நினைத்துச் சுட்டால் சன்னம் ஆறேழு சென்ரிமீற்றர் கீழே போகும். தலைக்குக் குறி வைத்தது தாடையில் அல்லது கழுத்தில். தாடை உடைந்த முயல் உடனே சாகாது, மச்சான். அது தின்ன முடியாமல் சாகும்.

அடுத்தது 30. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சக்தியை இரட்டிப்பாக்கினால் வேகம் இரட்டிப்பாகாது, வர்க்கமூலம் குறுக்கே நிற்கிறது; அதே சன்னத்துக்கு 1.4 மடங்குதான். ஆகவே கொஞ்சம் தட்டையாகப் போகும், தூரத்தை மட்டிடுவதில் விடும் பிழையைக் கொஞ்சம் மன்னிக்கும். அதை நான் மறுக்கவில்லை. கை நடுங்குவது மட்டும் அதே அளவுதான். கெட்டது என்னவென்றால், அதை வாங்கிய மறுநாளே நீ அறுபது மீற்றரில் நிற்கும் முயலைப் பார்ப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? கெற்றப்போலுக்குப் புது இறப்பர் கட்டிய நாளில் கோயில் மணிக்கு எறிந்தவன் நீ.

உன் கையில் இருப்பது சுருள்வில் வகை. அதில் வேறொரு தொல்லை உண்டு. விசையை இழுத்ததும் உள்ளே பாரமான முசலம் (பிஸ்ரன்) முன்னே பாய்கிறது. சன்னம் குழாயை விட்டு வெளியேறும் முன்பே துவக்கு பின்னும் முன்னுமாக உதைத்துவிடுகிறது. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் அடிக்கும். உள்ளங்கையில் கோழிக்குஞ்சை வைத்திருப்பது போலத் தளர்வாகத் தாங்க வேண்டும். எப்போதும் ஒரே இடத்தில் தாங்க வேண்டும். சிலிண்டரில் அடைத்த காற்றால் இயங்கும் வகையில் இந்த உதை இல்லை. காசு செலவழிக்கத்தான் வேண்டுமென்றால், 12க்குள் இருக்கும் அந்த வகை ஒன்றுக்குச் செலவழி. 30க்கு வேண்டாம்.

இவ்வளவும் கணக்கு. கணக்கில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும்.

1979 சிறுபோகம் நினைவிருக்கிறதா? ஒட்டுசுட்டானில் உன் பெரியப்பாவின் கச்சான் தோட்டம். குழாயை முறித்து அழுத்தும் அவருடைய பழைய காற்றுத் துவக்கைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனோம். பொழுது படும் நேரம். வேலியோரம் ஒரு முயல், ஐம்பது யாருக்குக் குறையாது. உன்னிடமிருந்து பறித்து நான் சுட்டேன். அது ஒரு தரம் துள்ளி, காரைப் பற்றைக்குள் போய்விட்டது. நீ "பட்டது" என்றாய். நான் "படவில்லை" என்றேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவன் வழக்கமாக நீ; அன்று நான் நின்றேன். நீ பற்றைக்குள் பார்க்கலாம் என்றபோது, பாம்பு இருக்கும், இருட்டுகிறது என்று உன்னை இழுத்துக்கொண்டு வந்தேன்.

பட்டது, மச்சான். துள்ளியபோது பின்கால் மடிந்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் மத்தியானம் மாடு பார்க்கப் போன சாட்டில் தனியே அங்கே போனேன். பற்றைக்கு உள்ளே மூன்று முழம் தள்ளிக் கிடந்தது. உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை, எறும்பு ஏறியிருந்தது. என்னைக் கண்டதும் முன்காலால் மண்ணைப் பிறாண்டியது. தடியால் ஒரே அடி. பாலை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு நான் வேட்டைக்கு வராததற்குப் படிப்பைக் காரணம் சொன்னேன். நீயும் நம்பினாய்.

நாற்பது வருடத்துக்கு மேல் சொல்லாததை இப்போது சொல்வதற்குக் காரணம் உன் முயல்தான். நாங்கள் இங்கே முயல் என்பது உங்கள் ஊர் வயல் முயல் அல்ல. எங்களுடையது பிடரி கறுத்த காட்டு முயல். குழி தோண்டாது, புல்லுக்குள் பள்ளம் செய்து படுக்கும், குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். காயப்பட்டால் பற்றைக்குள் கிடக்கும், தேடினால் கிடைக்கும். உங்களுடையது குழிக்குள் குடும்பமாக வாழ்வது. அரைகுறையாகப் பட்டால் இரண்டு பாய்ச்சலில் மண்ணுக்குள் போய்விடும். தேட முடியாது, முடித்துவைக்கவும் முடியாது. "படவில்லை" என்று சொல்ல உனக்கு என்னைவிட வசதி அதிகம்.

1953இல் அதே கென்ட்டில்தானே மிக்ஸோமற்றோஸிஸ் என்ற முயல் நோய் உங்கள் நாட்டில் முதலில் காணப்பட்டது. கண் வீங்கிக் குருடாகி, முயல்கள் பத்துப் பன்னிரண்டு நாள் கிடந்து செத்தன. நாடு முழுவதும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போயிற்றாம். நோயை வேண்டுமென்று பரப்புவதை அடுத்த வருடமே சட்டம் தடுத்தது. முயல் பயிரைத் தின்பது உண்மை, குறைக்க வேண்டும் என்பதும் உண்மை. அதை ஏற்றுக்கொண்ட நாடே இப்படி வேண்டாம் என்றது.

இங்கே நிலைமை வேறு. சைக்கிள் பிறேக் கம்பியில் சுருக்குப் போட்டு வேலிக் கண்டாயத்தில் கட்டிவிட்டுப் போகிறார்கள். கம்பி இடறினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு இன்னும் ஒழியவில்லை. இரண்டும் சட்டத்துக்கு விரோதம். சுருக்குக்கு முயலும் ஒன்று, சிறுத்தையும் ஒன்று. கட்டியவன் நித்திரையில் இருக்கும்போது அது வேலை செய்கிறது. போன மாதம் எங்கள் வரம்போரம் ஒன்றைக் கழற்றினேன். பேரன் "கண்ணி, கண்ணி" என்று கத்தியபோது, ஒரு கணம் அவன் சொன்னது சுருக்கா, கண்ணிவெடியா என்று விளங்காமல் உறைந்து நின்றேன். சுருக்கு என்று கண்ட பிறகுதான் மூச்சு வந்தது.

அதனால் நீ துவக்கோடு எழுந்து போய், பார்த்து, நிதானித்துச் சுடுவதில் எனக்குக் குறை இல்லை. தவழ்ந்து கிட்டப் போ. 25 மீற்றருக்குள் வராவிட்டால் சுடாதே, தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போ. குழி வாசலை ஒட்டி நிற்பதை விட்டு, வெளியே மேய்வதைப் பார். பின்னால் மண் திட்டி இருக்க வேண்டும். கல்லில் பட்டால் ஈயம் திரும்பி வரும். விழுந்த பிறகு கால் உதறினால் பயப்படாதே, நரம்பு அப்படித்தான் செய்யும். கிட்டப் போய்க் கண்ணைத் தொட்டுப் பார், இமைக்காவிட்டால் முடிந்தது. வசந்த காலத்தில் பெண் முயல் குழிக்குள் குட்டிகளை மூடிவிட்டு வந்து மேயும். நாளுக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்கும், அந்த ஒரு தடவை வராவிட்டால் உள்ளே இருப்பவை என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முடிந்தவரை அந்த மாதங்களை விடு. கமக்காரர் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு.

பத்திரத்துக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை செய். 25 மீற்றரில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்து. முட்டுக்கொடுக்காமல், வயலில் எப்படி இருப்பாயோ அப்படி முழங்காலில் இருந்து பத்துத் தரம் சுடு. தவறியதை ஒளிக்காதே, அந்தத் தவறை எனக்கு விட்டுவிடு. பத்துத் துளையையும் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியால் மூட முடிந்தால் மேலே பேசுவோம். அட்டையை மடிக்காமல் அடுத்த கடிதத்தோடு அனுப்பு. என்னிடம் குற்றி இருக்கிறது.

அன்புடன்,
உன் மச்சான்