பழைய கணினியை ஒரு மாதமாவது வீட்டில் வைத்திருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி இல்லாத கணினி வைத்திருப்பவர்களில் பலர் புதிது வாங்குகிறார்கள். எதை வாங்கலாம் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பழையதில் இருப்பதை எப்படிக் கொண்டுவருவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. புகைப்படங்களையும் டாக்குமென்ட்ஸ் கோப்புறையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய கணினியை அன்றைக்கே அழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பத்து வருட மின்னஞ்சல் அதற்குள்தான் இருந்தது என்பது மூன்றாவது வாரம்தான் தெரியவருகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதல் வேலை கோப்புகளைப் பிரதி எடுப்பது அல்ல. பழைய கணினியில் உங்கள் ஜிமெயில், மைக்ரோசாஃப்ட் கணக்குகளைத் திறந்து, மீட்புக்காகக் கொடுத்திருக்கும் தொலைபேசி எண் இன்றும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கணினியில் பல வருடங்களாக வெளியேறாமலே இருந்திருப்பீர்கள், பாஸ்வேர்டே கேட்டிருக்காது. புதிய கணினியில் நுழையும்போது பாஸ்வேர்டையும் கேட்கும், தொலைபேசிக்குக் குறியீடும் அனுப்பும். அது எப்போதோ கைவிட்ட எண்ணாக இருந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ஏற்கெனவே உள்ளே இருக்கும் கணினியிலிருந்து எண்ணை மாற்றுவது சுலபம். வெளியே நின்றுகொண்டு மாற்றுவது பெரும்பாடு.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழையும் பல மடிக்கணினிகளில், கேட்காமலேயே வட்டு முழுவதும் மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்பட்டிருக்கும். கணினி ஓடும்வரை இது கண்ணில் படாது. ஒருநாள் மதர்போர்டு போய், வட்டைக் கழற்றி வேறொன்றில் மாட்டினால், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லாமல் எந்த வல்லுநராலும் திறக்க முடியாது. கணினி நன்றாக ஓடும்போதே அந்தச் சாவியைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதி வையுங்கள். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்திலேயே சேமிக்கப்பட்டிருக்கும்.

இனிப் பிரதி. 'கட்' செய்யாதீர்கள், 'காப்பி' மட்டும் செய்யுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் கம்பி ஆடினாலும் மூலம் பத்திரமாக இருக்கும். தொடங்கும் முன் இரண்டு கணினிகளிலும் உறக்க நிலையை 'ஒருபோதும் வேண்டாம்' என்று வையுங்கள். மடிக்கணினி என்றால் மின்னிணைப்பில் வையுங்கள். இரவில் ஓடவிட்டுப் படுத்தவர்கள் காலையில் பாதியில் நின்ற பிரதியைப் பார்ப்பதற்குப் பெரும்பாலும் இந்த உறக்க நிலைதான் காரணம்.

பென் டிரைவைவிட வெளி ஹார்ட் டிஸ்க் நல்லது. அது எஃப்ஏடி32 வடிவில் (ஃபார்மேட்டில்) இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. கல்யாண வீடியோவும் அவுட்லுக் அஞ்சல் கோப்பும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் வையுங்கள். யுஎஸ்பி 2.0 துளையில் மாட்டினால் நடைமுறையில் வினாடிக்கு 35 எம்பி அளவில்தான் போகும். 200 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே வட்டை யுஎஸ்பி 3.0 துளையில் மாட்டினால் அரை மணி நேரத்தில் முடியலாம். பல கணினிகளில் இந்தத் துளையின் உள்நாக்கு நீல நிறத்தில் இருக்கும். இது பெரிய கோப்புகளுக்கான கணக்கு. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் இருந்தால் நேரம் பல மடங்கு கூடும். கணினி பழுது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.

எதை எடுப்பது? சி வட்டில் 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் உங்கள் பெயரில் இருக்கும் கோப்புறையை முழுவதுமாக எடுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அதற்குள்ளேயே 'ஆப்டேட்டா' என்றொரு கோப்புறை மறைந்திருக்கும். எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் மறைந்த உருப்படிகளைக் காட்டும்படி தேர்ந்தெடுத்தால்தான் தெரியும். டி வட்டு இருந்தால் அதையும் பாருங்கள். பழைய மென்பொருள்கள் சி வட்டின் வேரிலேயே தங்களுக்கென்று கோப்புறை போட்டுக்கொண்டு தரவை அதில் வைத்திருக்கும். கணக்கு எழுதும் மென்பொருளாக இருந்தால் கோப்புறையை மட்டும் நம்பாதீர்கள். அந்த மென்பொருளுக்கு உள்ளேயே இருக்கும் பேக்கப் கட்டளையைக் கொடுத்து எடுத்து, புதியதில் அதன் 'ரீஸ்டோர்' வழியாகத் திரும்ப ஏற்றுங்கள்.

மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்ட்ரைவ் விஷயத்தில் கவனம் தேவை. கோப்பின் பெயருக்கு அருகில் மேகச் சின்னம் மட்டும் இருந்தால் அந்தக் கோப்பு கணினியில் இல்லை, பெயர்ப்பலகைதான் இருக்கிறது. கோப்பு இருப்பது மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில். இணையம் இல்லாமல் அதைப் பிரதி எடுக்கப் பார்த்தால் பிழைச் செய்தி வரும். புதிய கணினியில் அதே கணக்கால் நுழைந்தால் தானாக வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒத்திசைவு (கணினியையும் சர்வரையும் ஒன்றுபோல வைக்கும் வேலை) ஓடும்போதே பழைய கணினியைச் 'சுத்தம்' செய்வதாக நினைத்து அந்தக் கோப்புறையை அழித்தால், மேகத்திலும் அழியும், புதிய கணினியிலும் அழியும். பழையதில் முதலில் ஒன்ட்ரைவ் இணைப்பைத் துண்டியுங்கள். இப்படித் தவறுதலாக அழித்தது ஒன்ட்ரைவின் இணையப் பக்கக் குப்பைத்தொட்டியில் சில நாட்கள் கிடக்கும். உடனே போய்ப் பார்த்தால் மீட்கலாம்.

மின்னஞ்சலை உலாவியில் மட்டும் பார்ப்பவர்களுக்கு வேலை எதுவும் இல்லை. அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற மென்பொருள்களில் படிப்பவர்கள் கணக்கின் அமைப்பைத் திறந்து 'ஐமேப்' என்று இருக்கிறதா, 'பாப்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஐமேப் என்றால் கடிதங்கள் சர்வரில் இருக்கும். பாப் என்றால் இறக்கியவுடன் சர்வரிலிருந்து நீக்கும்படி அமைத்திருக்கலாம். அப்போது உலகத்தில் அந்தக் கடிதங்களுக்கு ஒரே பிரதி பழைய கணினியில் இருப்பதுதான். ஐமேப் கணக்கிலும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு நகர்த்தி வைத்தவை கணினியில் மட்டுமே இருக்கும். அவுட்லுக்கில் பிஎஸ்டி என்று முடியும் கோப்பைத் தேடுங்கள். அவுட்லுக்கை மூடிவிட்டுத்தான் அதைப் பிரதி எடுக்க வேண்டும். தண்டர்பேர்டுக்கு ஆப்டேட்டாவின் 'ரோமிங்' கோப்புறைக்குள் ப்ரொஃபைல் கோப்புறை இருக்கும். அதை அப்படியே எடுத்து வைத்தால் கடிதங்கள், முகவரிகள், பாஸ்வேர்டுகள் எல்லாம் சேர்ந்து வரும்.

உலாவிகளில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இதில் நேர் எதிர். ஃபயர்ஃபாக்ஸின் ப்ரொஃபைல் கோப்புறையைப் பிரதி எடுத்தால் பாஸ்வேர்டுகளும் கூடவே வரும். குரோமின் கோப்புறையைப் பிரதி எடுத்தால் புத்தகக்குறிகள் வரும், பாஸ்வேர்டுகள் வராது. அவற்றைப் பூட்டிய சாவி பழைய கணினியின் விண்டோஸ் பயனர் கணக்கோடு பிணைந்தது. அதனால் குரோமில் கூகுள் கணக்கு வழியாக ஒத்திசையுங்கள், அல்லது பாஸ்வேர்டு மேலாளரிலிருந்து 'எக்ஸ்போர்ட்' செய்யுங்கள். எக்ஸ்போர்ட் செய்தால் வரும் சிஎஸ்வி கோப்பில் உங்கள் பாஸ்வேர்டுகள் அனைத்தும் திறந்த எழுத்தில் இருக்கும். அதைப் புதியதில் ஏற்றிய அடுத்த நிமிடம் இரண்டு கணினிகளிலும் பென் டிரைவிலும் நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். மின்னஞ்சலில் ஒருபோதும் அனுப்பிக்கொள்ளாதீர்கள்.

தமிழில் தட்டச்சு செய்து வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பொதுக் குறியேற்றமான யூனிகோடு பரவும் முன் பாமினி, வானவில், டிஸ்கி, டேம், டேப் என்று பல எழுத்துருக்களிலும் குறியேற்றங்களிலும் எழுதிக் குவித்திருக்கிறோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பாமினிக் கோப்பைத் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. பக்கம் முழுவதும் அரைப்புள்ளியாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து இதை அழித்துவிடுகிறார்கள். கெடவே இல்லை. பழைய கணினியின் விண்டோஸ் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்துவந்து புதியதில் நிறுவினால் எழுத்து அப்படியே திரும்பிவரும். அங்கே கிடைக்காவிட்டால் ஆப்டேட்டாவுக்குள் 'லோக்கல்', 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ்', 'ஃபான்ட்ஸ்' என்ற வரிசையில் போய்ப் பாருங்கள். ஒரு பயனருக்காக மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் அங்கே இருக்கும். பிறகு நிதானமாக ஓர் எழுத்துரு மாற்றியால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் பாமினி என்று எடுத்துக்கொண்டு பொருளற்ற தமிழாக்கிவிடும். அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

மென்பொருள்களைக் கோப்புறையோடு பிரதி எடுத்துப் பயனில்லை. அவற்றின் பதிவுகள் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியிலும் வேறு இடங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றைப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். உரிம எண்களை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். இத்தனை கணினிக்கு மட்டும் என்று வரம்புள்ள மென்பொருளைப் பழையதில் முதலில் செயலிழக்கச் செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் 64 பிட் பதிப்பு மட்டுமே உண்டு. அதனால் 16 பிட் காலத்து மென்பொருள் அதில் ஓடாது. 32 பிட் டிரைவர் (பிரின்டரை இயக்கும் மென்பொருள்) மட்டும் உள்ள பழைய பிரின்டரும் வேலை செய்யாது. பிரின்டர் தயாரிப்பாளரின் தளத்தில் விண்டோஸ் 11 டிரைவர் இருக்கிறதா என்பதைக் கணினி வாங்கும் முன்பே பார்ப்பது நல்லது. மேக்கிலிருந்து மேக்குக்குப் போகிறவர்களுக்கு அதிலேயே 'மைக்ரேஷன் அசிஸ்டென்ட்' இருக்கிறது. மென்பொருள்கள் உட்படக் கொண்டுவந்துவிடும்.

புதிய கணினியில் பயனர் கோப்புறையின் பெயர் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்தாக அமைவது வழக்கம். முழுப் பாதையை நினைவில் வைத்திருக்கும் கோப்புகள், உதாரணமாக ஓர் எக்செல் தாளிலிருந்து இன்னொன்றுக்குப் போட்ட இணைப்புகள், இதனால் அறுந்துபோகும். அவற்றைத் திறந்து ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பிரதி முடிந்ததும் சரிபாருங்கள். இரண்டு பக்கமும் கோப்புறையின் மேல் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்' பார்த்து, கோப்புகளின் எண்ணிக்கையையும் 'சைஸ்' அளவையும் ஒப்பிடுங்கள். 'சைஸ் ஆன் டிஸ்க்' என்ற எண்ணை ஒப்பிடாதீர்கள். வட்டின் வடிவைப் பொறுத்து அது மாறும். பிறகு பழைய படங்களில் நாலைந்தைத் திறந்து பாருங்கள். படங்கள் எல்லாம் இன்றைய தேதியில் உருவானதாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். 'உருவான தேதி' என்பது அந்தப் பிரதி உருவான தேதி. படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் 'எடுத்த தேதி'யின்படி வரிசைப்படுத்தினால் சரியாகிவிடும்.

பழைய கணினி எழுந்திருக்கவே இல்லையென்றால் வட்டைக் கழற்றி, அதை யுஎஸ்பி துளையோடு இணைக்கும் சாட்டா-யுஎஸ்பி அடாப்டரில் மாட்டிப் படிக்கலாம். மடிக்கணினியின் 2.5 அங்குல வட்டுக்குப் பெரும்பாலும் யுஎஸ்பி மின்சாரமே போதும். மேசைக் கணினியின் 3.5 அங்குல வட்டுக்கு 12 வோல்ட் தனி அடாப்டர் வேண்டும். எம்.2 வகை (குச்சி போன்ற சின்ன எஸ்எஸ்டி) என்றால் அதன் இணைப்பு முறை சாட்டாவா என்விஎம்இயா என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் பெட்டியை வாங்குங்கள். கோப்புறையைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று வந்தால் 'கன்டினியூ' அழுத்துங்கள். கோப்புகள் பழைய பயனர் கணக்கின் பெயரில் இருப்பதால் வரும் செய்தி அது. ஆனால் வட்டு 'டக் டக்' என்று அடித்தால் உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப மின்சாரம் கொடுக்கக் கொடுக்கச் சேதம் கூடும். அதன்மேல் பிழைதிருத்தும் கட்டளைகளையும் ஓட்டக் கூடாது. தரவு மீட்பவரிடம் அப்படியே கொடுப்பதுதான் வழி.

ஒரு மாதம் என்று நான் சொல்வது, மாதத்துக்கு ஒருமுறை மட்டும் தொடும் கோப்புகளும் தளங்களும் ஒரு சுற்று வந்துவிடும் என்பதால். வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படும் வரிக் கணக்கு போன்றவற்றை நீங்களே நினைத்துத் தேடிப் பாருங்கள். அதன்பிறகு பழையதைக் கொடுப்பதானால், கோப்புகளை நீக்கிக் குப்பைத்தொட்டியைக் காலி செய்வது மட்டும் போதாது; மீட்பு மென்பொருள் அவற்றை எளிதில் எடுத்துவிடும். பிட்லாக்கர் வசதி இருந்தால் வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்துவிட்டு, 'ரீசெட் திஸ் பிசி'யில் 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுத்து, அதன் அமைப்பில் 'க்ளீன் டேட்டா'வை இயக்குங்கள். பெரிய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் பல மணி நேரம் ஓடும். அதுவரை மின்னிணைப்பைப் பிடுங்காதீர்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புத் தொழிலில் இருக்கும் வாசகர்