முதற்பாட்டுக்குப் பின்னும் ஓடும் கெசட் நாடா: இலங்கையின் தமிழ் வானொலி நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும் அறிவிப்பாளர்களுக்கும் வணக்கம்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, தோட்டப் பாடசாலையில் முப்பது ஆண்டுகள் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். என் காலைப் பொழுதுகள் உங்கள் குரல்களோடுதான் விடிகின்றன. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிறு காலையில், உங்களுள் ஒரு நிலையம் மலையகத்துப் பழைய பாடல்களை ஒலிபரப்பியது. நிலையத்தின் பெயரைக் குறிப்பிட நான் விரும்பவில்லை; ஏனெனில் இந்தக் குறை எல்லா நிலையங்களுக்கும் பொதுவானது. மூன்றாவதாக வந்தது என் தாய்மாமனின் பாட்டு. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு பெண்ணுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் நடக்கும் வாய்ச்சண்டையைச் சொல்லும் துள்ளல் பாட்டு அது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அதன் முதல் அடி போதும், மீதியைத் தாங்களே பாடிவிடுவார்கள். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர், "ஒரே ஒரு பாட்டோடு காணாமற்போன தோட்டத்துப் பாடகர்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட்டார். மாமாவின் பெயர் சொல்லப்படவில்லை.

காணாமற்போனவர் என்ற சொல் இந்த நாட்டில் எத்தனை வீடுகளின் நெஞ்சை அறுக்கும் சொல் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. என் மாமா எங்கும் காணாமற்போகவில்லை. பாட்டு வெளிவந்த நாள் முதல் மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்த நாள் வரை ஒரே லயத்துக் காம்பராவில்தான், அந்த ஒற்றை அறையில்தான், இருந்தார். நோர்வூட் டவுனிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் அவரைப் பார்த்திருக்கலாம். இரவில் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உருட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் வேலை செய்தார். அதன் சத்தத்தின் தாளத்தில்தான் தன் மெட்டுகள் எல்லாம் பிறந்தன என்று எங்களிடம் சொல்லுவார். அவர் எழுதிய பாட்டுகள் இரண்டு சீ.ஆர். கொப்பிகள் நிறைய இருக்கின்றன.

1982ஆம் ஆண்டில், மாமியின் தோட்டை அடகு வைத்தும் சீட்டுப் பணத்தை எடுத்தும், கொழும்பில் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறையில் மாமா ஒரு கெசட் பதிவு செய்தார். ஏ பக்கத்தில் நான்கு, பி பக்கத்தில் நான்கு என்று எட்டுப் பாடல்கள். மடுவத்துப் பாட்டு ஏ பக்கத்தில் முதலாவது. பஸ்காரர்கள் அதைப் போட்டார்கள். கோயில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் ஒலிபெருக்கிகள் அதைப் பாடின. மறு ஆண்டு ஜூலைக் கலவரத்தில், விற்பனைக்காக மீதிக் கெசட்டுகளை வைத்திருந்த கொழும்புக் கடை எரிந்தது. மூலப் பதிவும் அங்கேதான் இருந்தது. இரண்டாவது கெசட்டுக்கு யார் பணம் போடுவார்கள்? தனியார் வானொலிகள் பெருகிய காலத்தில் நீங்கள் அந்தப் பாட்டை எங்கிருந்தோ தேடியெடுத்தீர்கள். அதற்கு நன்றி. ஆனால் தேடியெடுத்தது அந்த ஒன்றை மட்டுந்தான்.

சென்ற ஆண்டு, முன்னாள் பஸ் நடத்துநர் ஒருவரிடமிருந்து அந்தக் கெசட்டின் பிரதியொன்று என் கைக்கு வந்தது. பழைய பிளேயரில் போட்டுக் கேட்டேன். முதற்பாட்டு தகரக் கூரையில் பெய்யும் மழைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இரைந்தது. மாமாவின் குரலில் இருந்த கூர்மை முழுவதும் தேய்ந்துபோயிருந்தது. திரும்பத் திரும்பச் சுற்றிப் போட்ட நாடா அப்படித்தான் ஆகும், மேல்சுரங்கள் முதலில் அழியும். அந்தப் பாட்டு முடிந்து ஒரு சிறு மௌனத்துக்குப் பிறகு இரண்டாவது பாட்டு தொடங்கியபோது நான் எழுந்து உட்கார்ந்தேன். நேற்றுப் பதிந்ததுபோல் அவ்வளவு தெளிவு. மாமா மூச்சு இழுப்பதும், ஆர்மோனியத்தின் துருத்தி முனகுவதும் கேட்டன. மீதி ஏழு பாடல்களும் அப்படியே இருந்தன. நாற்பது ஆண்டுகளாக எவரும் அவற்றைக் கேட்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை. இதில் எங்கள் பங்கும் உண்டு. கலியாண வீட்டில் "அதையே திருப்பிப் போடு" என்று கத்தியவர்களில் நானும் ஒருவன்.

பி பக்கத்தின் மூன்றாவது பாடல், அவருடைய அக்காள் குடும்பம் ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறிய நாளைப் பற்றியது. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இரு நாட்டுத் தலைவர்களும் எங்கள் மக்களை, 525,000 பேர் இந்தியாவான அந்தப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம் என்று பிரித்து எழுதிய கணக்கில், எங்கள் பெரியம்மா அந்தப் பக்கத்துக் கணக்கில் விழுந்தார். தலைமன்னாருக்குப் போகும் கோச்சியின் யன்னலைப் பிடித்தபடி மாமா எதுவரை ஓடினார் என்பது அந்தப் பாட்டில் இருக்கிறது. ஏ பக்கத்தின் நான்காவது, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலைக்கு ஏறும் தாய் பாடும் தாலாட்டு. துள்ளல் பாட்டுக்காரர் என்று நீங்கள் முத்திரை குத்திய மனிதர் இவற்றையும் பாடியவர்.

இப்படி முத்திரை குத்துவது உலகெங்கும் நடப்பதுதான். அமெரிக்காவில் 1958 ஆகஸ்டிலிருந்து வாராவாரம் வெளிவரும் பில்போர்ட் நூறு பாடல் வரிசையில், முதல் நாற்பதுக்குள் ஒரேயொரு முறை நுழைந்தவர்களை ஒற்றைப் பாட்டுப் புகழாளர் என்று கணக்கிடுவது அங்கே வழக்கம். அந்தக் கணக்கை எங்கே நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து ஆளே மாறிவிடுகிறார். டெக்சிஸ் மிட்நைட் ரன்னர்ஸ் என்ற பிரித்தானியக் குழு 1983இல் அமெரிக்காவில் ஒரு பாட்டால் முதலிடம் பிடித்தது, அங்கே அதன்பின் அக்குழு எடுபடவில்லை. ஆகவே அங்கே ஒற்றைப் பாட்டுக் குழு. சொந்த நாட்டிலோ அதற்கு முன்பே, 1980இல், வேறொரு பாட்டால் முதலிடத்தில் நின்ற குழு அது.

இதைவிட எனக்கு அதிகம் உறைப்பது ஜப்பானியப் பாடகர் கியூ சக்கமோட்டோவின் கதை. கண்ணீர் கீழே சிந்திவிடாதபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பேன் என்று 1961இல் அவர் பாடிய பாட்டு, 1963 ஜூனில் அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. ஜப்பானியப் பெயர் மேலைநாட்டு வாயில் நுழையாது என்று கருதிய இசைத்தட்டு வணிகர்கள், பாட்டுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத 'சுக்கியாக்கி' என்ற இறைச்சிக் கறியின் பெயரை அதற்கு வைத்தார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு நடக்கும் ஒருவனின் பாட்டு கறியின் பெயரில் விற்கப்பட்டது. 1985இல் விமான விபத்தில் இறக்கும்வரை தன் நாட்டில் பெரிய நட்சத்திரமாக இருந்தவர், அமெரிக்கர்களின் கணக்கில் மட்டும் ஒற்றைப் பாட்டுக்காரர். மாமாவின் பெயரை எடுத்துவிட்டு 'தோட்டத்துப் பாடகர்' என்று நீங்கள் சொன்னபோது என் நினைவுக்கு வந்தது அந்தக் கறிதான்.

எந்தப் பாட்டு ஒலிக்கும் என்பதும் பாடுபவரின் கையில் இல்லை. ஜமைக்காவில் பிறந்த கார்ல் டக்ளஸ் 1974இல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்ற குங்ஃபூப் பாட்டு, இசைத்தட்டின் மறுபக்கத்தை நிரப்புவதற்காகப் பதிவு நேரத்தின் கடைசிப் பத்து நிமிடங்களில் பாடி முடித்தது. தயாரித்தவர் பெங்களூரில் பிறந்த பிட்டு. இதுதான் முகப்பில் வர வேண்டும் என்று நிறுவனத்தார் தட்டைப் புரட்டியிராவிட்டால் அந்தப் பாட்டு மறுபக்கத்திலேயே கிடந்திருக்கும். புரட்டிப் பார்க்க ஒருவர் வேண்டியிருக்கிறது. இந்த நாட்டில் அந்த வேலை உங்களுடையது.

தமிழிலும் இதே கதைதான். பாடகி மின்மினி என்றதும் 1992இல் வந்த 'சின்னச் சின்ன ஆசை' மட்டும் நம் நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்பே இளையராஜாவின் இசையில் அவர் பாடியதையும், சில ஆண்டுகளில் குரல் பாதிக்கப்பட்டுப் பாட முடியாமல் நெடுங்காலம் ஒதுங்கியிருந்ததையும் எந்த அறிவிப்பாளரும் சொல்லி நான் கேட்டதில்லை. பரவை முனியம்மாவை 2003ஆம் ஆண்டுச் சினிமாப் பாட்டோடு பிறந்தவர்போல் அறிமுகம் செய்கிறோம். அதற்கு முன் அவர் ஊர் ஊராகப் பாடிய நாட்டுப்புறப் பாடல்களின் காலம் மிக நீண்டது. நம் நாட்டுப் பொப் பாடலின் முன்னோடி நித்தி கனகரத்தினத்தை 'சின்ன மாமியே' பாடியவர் என்று அறிந்தவர்களில் பலருக்கு, கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்ற பாட்டும் அவருடையது என்பது தெரியாது. 2021இல் உலகமெல்லாம் கேட்ட 'எஞ்சாயி எஞ்சாமி'யை நீங்களும் ஒரு நாளில் பலமுறை போட்டீர்கள். அதைப் பாடியும் எழுதியும் இருந்த பாடகர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள், நம் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர். அந்தச் செய்தியை முதலில் சொல்லியிருக்க வேண்டியவை நம் நிலையங்கள்.

உண்மையிலேயே ஒரு பாட்டோடு நின்றவர்களும் இருக்கிறார்கள். சேகர், எவன்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள் 1969இல் ஒரே பாட்டால் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதலிடம் பெற்றார்கள். அதன்பின் அந்த இரண்டு வரிசைகளிலும் அவர்களுடைய பாட்டு வேறெதுவும் ஏறவில்லை. அதில் எனக்கு இரக்கப்பட ஒன்றும் தெரியவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நிற்கும் ஒரு பாட்டைச் செய்தவரைத் தோற்றவர்போல் ஏன் பேச வேண்டும்? 'ஒரே பாட்டோடு' என்று சொல்லும்போது உங்கள் குரல் தாழ்கிறதே, அந்தத் தாழ்ச்சியைத்தான் விட்டுவிடுங்கள் என்கிறேன். மற்றப் பாட்டுகளைத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லையென்று உறுதியான பிறகு சொல்லுங்கள். அப்போதும் பெருமையோடு சொல்லுங்கள்.

எங்கள் மக்களுக்குப் பெயர் இல்லாமற்போவது புதிதல்ல. செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேட்டில் எண்ணாக இருந்தவர்கள் நாங்கள். எங்கள் பாட்டன் பாட்டிகள் பாடியவற்றை மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை அலைந்து திரிந்து திரட்டி 1983இல் நூலாக்கியிராவிட்டால் அவற்றில் பெரும்பகுதி மண்ணோடு போயிருக்கும். அவை பாடியவர் பெயர் தெரியாத பாடல்கள், அதற்கு எவரையும் குறை சொல்ல முடியாது. மாமா காலத்துப் பாடல்கள் அப்படியல்ல. பெயர்கள் கெசட் அட்டைகளில் அச்சாகியிருக்கின்றன. அவற்றையும் 'மலையக நாட்டார் பாடல்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது நியாயமில்லை.

இது நன்றியுணர்வைப் பற்றிய கோரிக்கை மட்டுமல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஒரு படைப்பு பொதுவில் பயன்படுத்தப்படும்போது இயன்றவரை தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்ற உரிமையைப் படைத்தவருக்கு வழங்குகிறது. படைப்பின் மீதான பொருளாதார உரிமைகள் அவர் இறந்த பின்னும் எழுபது ஆண்டுகள் நீடிக்கின்றன. மாமா தன் பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டமைத்தவர். அவருக்கு வர வேண்டிய பணத்தைப் பற்றி மாமி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வானொலியில் பெயர் சொன்னார்களா என்று மட்டும் அன்று காலை என்னிடம் கேட்டார். சொன்னார்கள் என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பழைய மலையகப் பாடலொன்றைப் போடும்போது பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைச் சொல்லுங்கள். பெயர் கையில் இல்லையென்றால், தெரிந்தவர்கள் அறியத்தாருங்கள் என்று நேயர்களிடம் கேளுங்கள்; இந்த மலைகளில் இன்னும் நினைவுள்ளவர்கள் இருக்கிறார்கள், அடுத்த பஸ்ஸிலேயே கடிதம் வரும். வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டுக்குப் பின் அதே பாடகரின் எவருக்கும் தெரியாத ஒரு பாட்டைப் போடுங்கள். பதுளை, பண்டாரவளை, நுவரெலியா, ஹட்டன் டவுன்களுக்கு மாதமொரு முறை ஒருவரை அனுப்பி, வீடுகளில் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்கும் கெசட்டுகளைப் பிரதியெடுத்துத் திருப்பிக் கொடுங்கள். எங்கள் குளிரும் ஈரமும் நாடாவுக்குப் பகை. இன்னொரு பத்து ஆண்டு பொறுக்காது. உயிரோடிருக்கும் பாடகர்களை அழைத்துப் பேசவையுங்கள், ஆனால் அந்த ஒரு பாட்டைப் பாடச் சொல்லிவிட்டு அனுப்பிவிடாதீர்கள். வேறென்ன எழுதினீர்கள் என்று என் மாமாவிடம் ஒருவராவது கேட்டிருந்தால், அவர் கொப்பியை மடியிலிருந்து எடுத்திருப்பார். எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் அது அவர் மடியில் இருந்தது.

கெசட் என்னிடம் இருக்கிறது. பாடல் வரிகளை இரண்டு கொப்பிகளிலிருந்தும் பார்த்தெழுதி முடித்துவிட்டேன். உங்களுள் எந்த நிலையம் கேட்டாலும் பஸ் ஏறிக் கொழும்புக்கு வந்து கையிலேயே தருகிறேன். பிரதியெடுத்த பின் கெசட்டை மட்டும் மாமிக்காகத் திருப்பித் தந்தால் போதும். முதலில் பி பக்கத்தின் மூன்றாவது பாட்டைப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பிறகு என்றால் மாமி கோயிலிலிருந்து வந்திருப்பார்.

இப்படிக்கு,
பொகவந்தலாவையிலிருந்து உங்கள் நேயர்