முட்டை கலந்ததைச் சொல்லி விற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பண்ணை முட்டை சேவல் சேராமல் இடுவது, குஞ்சு பொரிக்காது, அதனால் சைவம்தான் என்கிறார்கள். பொரிக்காது என்பது சரி. ஆனால் சாப்பிடலாமா என்பதைச் சாப்பிடுகிறவர்தானே முடிவு செய்ய வேண்டும்? உணவுப் பாதுகாப்பு விதிகளும் முட்டையை அசைவத்தில்தான் சேர்க்கின்றன. பாக்கெட்டில் அசைவ முத்திரை இருக்கும். பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேக்குக்கு ஏது முத்திரை? சேலத்துத் தள்ளுவண்டிகள் சிலவற்றில், தட்டுவடையை நொறுக்கி முட்டையோடு சேர்க்கும் முட்டை நொறுக்கல் கலக்கிய கிண்ணத்திலேயே, மஞ்சள் கரு ஒட்டிய அதே கரண்டியால், சாதா நொறுக்கலும் கலக்கிறார்கள். கேட்டால் முறைக்கிறார்கள். முட்டை வேண்டாம் என்னும் பிள்ளைக்குச் சத்துணவில் வாழைப்பழம் தருகிறது அரசு. அந்த அக்கறை கடையிலும் வேண்டும். தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, 'முட்டை கலந்தது' என்று ஒரு அட்டை: இவற்றை உணவுப் பாதுகாப்புத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்